வருகை: ஆன்றோ (எழுத்தில்)

அய்யா துணை
தென்தாமரைக்குளம்
12 ஜூலை 2016

அன்புள்ள தம்பி ஆன்றோவுக்கு அன்னக்கிளி அக்கா எழுதுவது. மெயில்தான், ஆனாலும் எனக்குக் கடிதமாகத்தான் எழுத வரும்.

இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன். கேட்டால் அதையே இரண்டு பக்கம் எழுதுவாய்.

நம் 'சிறுகணக்கு' மென்பொருள் குழு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகம் பார்த்துக் கூடுவது என்று முடிவானதும், எதன் வழியாகக் கூடுவது என்று தேர்ந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "வீட்டுக் கணக்கை ஒரு பைசா பிசகாம எழுதுகது அக்காதான். அக்கா சொன்னா செரியா இருக்கும்" என்று பெங்களூரிலிருந்து சுதன் சொல்லிவிட்டான். எனக்கும் ஆசைதான். நீ எழுதிய மென்பொருளில் கணக்கு வைக்கப் பழகி, அதிலிருந்த தமிழ் பிடிக்காமல் உனக்குச் சண்டைக் கடிதம் போட்டு, பிறகு அந்தத் தமிழை நானே திருத்துகிறவளாக ஆகி நாலு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் உன் முகம் எனக்குத் தெரியாது.

மூன்றைப் பார்த்தேன். முதலாவது எல்லோர் போனிலும் ஏற்கெனவே இருப்பது. ஒரு பெரிய கம்பெனியுடையது. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்ட மாட்டார்கள், ஆனால் தொட்டால் திறக்கும். இரண்டாவது பிக்புளூபட்டன். திறந்த மென்பொருள், வகுப்பு எடுக்கத் தோதானது. ஆனால் நாமே ஒரு சர்வர் பிடித்து நிறுவ வேண்டும், போனில் வரவும் வராது. மூன்றாவது ஜிட்சி. அதுவும் திறந்ததுதான். கணக்குத் தொடங்க வேண்டாம், சுட்டியை அழுத்தினால் போதும், ஆனால் கம்ப்யூட்டர் வேண்டும்.

சோதனைக் கூட்டத்தில் நான் அடித்த கூத்தைக் கேள். திரையைத் திறந்ததும் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் என் முகமே தெரிந்தது. எங்கள் அய்யாவழித் தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடி முன்னால் நின்றுதானே கும்பிடுவோம்? கை தானாகக் குவிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "ஏட்டி, கம்ப்யூட்டருக்கு முன்ன நின்னு என்னத்தக் கும்பிடுக? கரண்டு போவாம இருக்கவா?" என்கிறார்.

அதோடு விட்டதா? மென்பொருளுக்கு நான் வைத்த 'முன் இருப்பு' என்ற சொல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். என் கட்டத்தில் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. கண்ணாடி என்றால் அப்படித்தான் காட்டும், எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்து, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் நிழலடித்த எழுத்தின் மேலேயே எழுதித் திரும்பக் காட்டினேன். என் கட்டத்தில் முத்து முத்தாக வந்தது. அங்கே ஒரே சிரிப்பு. "அக்கா, எங்களுக்கு நேராத்தான் வரும். உங்களுக்கு மட்டுந்தான் அது கண்ணாடி" என்று சுதன் சொன்ன பிறகுதான் விளங்கியது.

நான் முதலாவதைத்தான் நினைத்திருக்கிறேன். பேச்சிப்பாறைப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் பூங்கனியிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. அவள் கடைக்காரர்களுக்கு நம் மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கிறவள், அவள் வர வேண்டாமா? நீ குழுவுக்குப் போட்ட மெயிலில் "பூட்டிய மென்பொருள் கூடவே கூடாது" என்று கத்தியிருந்தாய். கத்துகிறவன் கூட்டத்துக்கு வந்து கத்தலாமே. சோதனையாகவே இரண்டு மாதக் கூட்டம் முடிந்துவிட்டது, உன்னைக் காணோம். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பொறுப்பை விட வேண்டும் என்பது நம் விதி. ஆகஸ்ட் கூட்டத்துக்கும் வராவிட்டால் நிரல் பொறுப்பு உன் கையை விட்டுப் போகும். தெரியும்தானே?

அன்புடன்,
அக்கா

•

ஷார்ஜா
15 ஜூலை 2016

அக்கா,

தெரியும். அந்த விதியை எழுதினவனே நான்தான். மெயிலுக்குப் பதில் போடாமல் தூங்குகிறவர்களை எழுப்புவதற்காக எழுதினேன். இப்போது எனக்கே வந்து நிற்கிறது.

கொள்கையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. நாம் எழுதுகிற நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நாம் கூடுவது மட்டும் பூட்டின வீட்டுக்குள் என்றால் யார் நம்புவார்கள்? நாளைக்கு அந்தக் கம்பெனி கதவைச் சாத்தினால் நடு ரோட்டில் நிற்போம். இது கத்தல் இல்லை அக்கா, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறேன்.

மற்றது இது. நீங்கள் பார்த்த மூன்றில் ஒன்றுகூட எனக்கு இங்கே ஓடாது. இந்த நாட்டில் அனுமதி வாங்காத இணையப் பேச்சை விட மாட்டார்கள். பக்கம் திறக்கும், ஆனால் படமும் வராது, சத்தமும் வராது. இரண்டு கூட்டத்துக்கும் நான் வந்தேன். குளித்து, நல்ல சட்டை போட்டு, கேம்ப் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன், "என்னடே, பெண்ணு பாக்கவா போற?" என்று கேட்டான்.

குழுவில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் 'ஐயோ பாவம்' என்று விதியைத் தளர்த்துவார்கள். எனக்கு அது வேண்டாம். பகலெல்லாம் மொட்டை மாடிகளில் ஏசி கழுவுகிறேன். இங்கே நான் 'ஏசி ஆன்றோ'. சிறுகணக்கைத் திறந்தால் மட்டும்தான் நான் வேறு ஆள். அதையும் பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று இருக்கக் கூடாது.

நீங்கள் நினைத்ததையே தேர்ந்தெடுங்கள். நிரலின் சாவியைச் சுதனிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆன்றோ

•

அய்யா துணை
19 ஜூலை 2016

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். என் வீட்டுக்காரர் இன்று கறுப்புக் காப்பி குடித்தார். காரணம் கேட்டார். "ஆன்றோ" என்றேன். "அந்தப் பயலுக்கு எனக்க பால் மேலயும் கண்ணா?" என்றார்.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? குழுவுக்கு நீ கொள்கையை எழுதினாய், காரணத்தை எழுதவில்லை. உன்னைப் பிடிவாதக்காரன் என்று நானே இரண்டு பேரிடம் சொன்னேன். அப்படி என்னைச் சொல்ல வைத்துவிட்டாய்.

சாவியைக் கொடுக்காதே. தேர்ந்தெடுக்கும் வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சுதனிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ கோபித்தாலும் பரவாயில்லை. அவன் உடனே, "அவ்வளவுதானா? தடையைச் சுத்திப் போறதுக்கு ஆயிரம் வழி இருக்கே. ஒண்ணை மொபைலில் போட்டுக்கச் சொல்லுங்க" என்றான். அது சரிதானா? எனக்குத் தெரியவில்லை, உன்னிடம் கேட்கிறேன்.

அக்கா

•

ஷார்ஜா
22 ஜூலை 2016

அக்கா,

வழி இருக்கிறது. எளுப்பமான வழிதான். ஆனால் அது இங்கே குற்றம். மாட்டினால் விசா போகும். சுதனுக்குப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எளிது.

தேங்காய்ப்பட்டணத்தில் இருக்கிற என் மனைவி ஜின்சியிடம் போன் கார்டு வாங்கித்தான் பேசுகிறேன். மோள் பல் விழுந்த வாயைக் காட்டுவதற்காகப் படம் எடுத்து அனுப்புவாள், அதுவும் ஒரு நாள் கழித்துப் பார்ப்பேன். போன வாரம் ஜின்சி, "மற்ற ஆளுவளெல்லாம் என்னத்தையோ போட்டுப் பேசுகாவ, ஒங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். எனக்க மோளுக்க முகம் பார்க்கவே குறுக்குவழியில் போகாதவன், ஒரு கணக்கு மென்பொருளுக்காகப் போவேனா?

எனக்காக வாதாட வேண்டாம். நீங்கள் வாதாடினால் ஜெயிப்பீர்கள், அதுதான் பயம்.

'கறுப்புக் காப்பி' அத்தானுக்கு என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

ஆன்றோ

•

அய்யா துணை
8 ஆகஸ்ட் 2016

தம்பி ஆன்றோ,

தேர்ந்தெடுத்துவிட்டேன். வாதாடவில்லை. ஒரு விஷயம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருத் தாங்கலில் வருஷத்துக்கு ஒருமுறை ஏடு வாசிப்பு நடக்கும். ஒருவர் ராகமாக வாசிப்பார், இன்னொருவர் பொருள் சொல்லுவார், ஊர் முழுக்க முற்றத்து மணலில் உட்கார்ந்து கேட்கும். எங்கள் சின்னம்மைக்குச் சுத்தமாகக் காது கேட்காது. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வந்துவிடுவாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொருள் சொல்லுவதை விரலால் மணலில் எழுதுவேன். அவள் வாசித்ததும் கையால் அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவேன். சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்களெல்லாம் சிரித்து முடித்த பிறகு அவள் தனியாகச் சிரிப்பாள். அதற்கு மறுபடியும் எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் பால்கஞ்சி ஊற்றும்போது, "உனக்குத்தான் ஒண்ணும் கேக்கல்லியே, நீ வரல்லன்னு வச்சுக்கிடுவோம்" என்று யாராவது அவளிடம் சொன்னதுண்டா? சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

ஆகவே நான் மென்பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததை நிறுத்திவிட்டு, மணலைத் தேடினேன். ஐஆர்சி என்று பழைய அரட்டை அறை ஒன்று இருக்கிறதே, வெறும் எழுத்து மட்டும் ஓடுமே, அது அங்கே உனக்குத் திறக்கும் என்று நீயே எப்போதோ எழுதியிருக்கிறாய். தடை பேச்சுக்குத்தான், எழுத்துக்கு இல்லையே. நீ எந்த வேலியையும் தாண்ட வேண்டாம்.

முடிவு இது. முகம் பார்க்க ஜிட்சி. திறந்தது, யாரும் பூட்டின வீடு இல்லை, நீ சொன்ன கொள்கைக்கும் பொருந்துகிறது. பக்கத்திலேயே எழுத்து அறை. அங்கே பேசுவதை நான் இங்கே உடனுக்குடன் தட்டுவேன். நீ எழுதுவதை அங்கே வாய்விட்டு வாசிப்பேன். பூங்கனியும் போனில் எழுத்து அறைக்கே வருகிறேன் என்றாள். அவள் மலையடிவாரத்தில் படம் ஓடினால் சத்தம் ஓடாதாம், சத்தம் ஓடினால் படம் நிற்குமாம். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆசையாப் போனிலுள்ளதத் தேர்ந்தெடுத்தீங்க, அதான்" என்கிறாள். உங்களையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய!

சுதன் ஒரு கேள்வி போட்டான். "எழுத்தில் வந்தா அது வருகையாகுமா அக்கா? முகமும் இல்ல, குரலும் இல்ல." நான் சின்னம்மையைச் சொன்னேன். "செரி" என்றான். விதியில் யாரும் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. உனக்காகத் தளர்த்தவும் இல்லை. கூட்டத்துக்கு வா, வந்தால் வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நல்ல சட்டை உன் இஷ்டம்.

அக்கா

•

ஷார்ஜா
13 ஆகஸ்ட் 2016

அக்கா,

கொள்ளாம்! முதல் வரியே "வருகை: சுதன், அன்னக்கிளி, ஆன்றோ (எழுத்தில்), பூங்கனி (எழுத்தில்)" என்று வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சட்டையும் போட்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

நீங்கள் தட்டுகிற வேகத்தில் எனக்கு வாசிக்க மூச்சு வாங்கியது. ஆனால் "சுதன் இருமுகிறார்", "என் வீட்டு ஜன்னலில் காக்கா", "என் வீட்டுக்காரர் மண்வெட்டி எங்கே என்று கேட்கிறார்" என்பதெல்லாமா கூட்டக் குறிப்பு? பக்கத்துக் கட்டில்காரனுக்கு அதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "மம்மட்டி கிடைச்சுதான்னு கேளு" என்று நச்சரிக்கிறான். கிடைத்ததா?

ஒன்று கேட்க வேண்டும். அச்சிடும் பகுதியைப் பற்றிப் பேசும்போது, "சுதன்: இதைச் சற்றே புதுப்பித்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சுதனை மெயிலில் ஆறு வருஷமாகத் தெரியும். 'சற்றே' என்ற சொல் அவன் வாயில் வராது. அவன் என்ன சொன்னான்?

எங்க ஊர்க் கடல்துறையில் மீன் ஏலம் விளிக்கிறவர் கேட்ட விலையை அப்படியேதான் விளிப்பார். வாங்குகிறவனுக்கு மனசு நோகுமே என்று குறைத்து விளித்தால், அப்புறம் அவர் குரலை யார் நம்புவது? எனக்கு அங்கே இருக்கிற காது நீங்கள் மட்டும்தான்.

ஆன்றோ

•

அய்யா துணை
16 ஆகஸ்ட் 2016

தம்பி,

மண்வெட்டி வாழைத்தோட்டத்திலேயே கிடந்தது என்று அவனிடம் சொல்.

சுதன் சொன்னது இது: "அச்சடிக்கிற பகுதி அறதப் பழசு. தூக்கிக் கடல்ல போட்டுட்டு புதுசா எழுதணும்." அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பும் சிரித்தான். எனக்கு விரல் நின்றுவிட்டது. நீ முதன்முதலாக வந்து உட்கார்ந்திருக்கிறாய், சட்டை போட்டிருப்பாய் என்றும் தெரியும். கல்யாண வீட்டில் சம்பந்தக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் பேச்சை நயப்படுத்திச் சொல்லுவோமே, அந்தப் பழக்கத்தில் 'சற்றே' என்று போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று தாங்கலில் விளக்கு வைத்துக் கண்ணாடி முன்னால் நின்றபோது இதுதான் ஓடியது. சின்னம்மைக்கு மணலில் எழுதின காலத்தில் ஒருதரம்கூட நான் மாற்றி எழுதினதில்லை. அவளுக்குப் பிடிக்காது என்று எதையும் விட்டதில்லை. அப்படியிருக்க உனக்கு ஏன் மாற்றினேன்? அதுவும் ஒரு 'பாவம்'தான். நீ வேண்டாம் என்று சொன்ன அதே பாவத்தை நானே பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டேன். இனி சொன்னது சொன்னபடி எழுதுவேன். உனக்கு நொந்தால் நீயே பதில் எழுது, அதையும் எழுதியபடியே வாசிப்பேன்.

காக்காவை நிறுத்த மாட்டேன். நீ கூட்டத்தில் இருக்கிறாய் என்றால் காக்காவும் உனக்குக் கேட்க வேண்டும்.

அக்கா

•

ஷார்ஜா
10 செப்டம்பர் 2016

அக்கா,

நேற்றைய கூட்டத்தை இரண்டு தரம் வாசித்தேன். "சுதன்: ஆன்றோ எழுதின தேதிப் பகுதியைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுது" என்று உள்ளது உள்ளபடி வந்ததும் எனக்குக் காது சூடாகி, "உனக்கு எதைப் பார்த்தாலும் தலைசுற்றும், முதலில் கண்ணைக் காட்டு" என்று எழுதினேன். அதை நீங்கள் உங்கள் குரலில் அவனுக்கு வாசித்தீர்கள்! பிறகு "எல்லோரும் சிரிக்கிறார்கள். சுதனும்" என்று வந்தது பாருங்கள், அதற்கு நான் இங்கே தனியாகச் சிரித்தேன். உங்கள் சின்னம்மையை நினைத்துக்கொண்டேன்.

அச்சிடும் பகுதியைக் கடலில் போட்டாயிற்று. சுதன் சொன்னது சரிதான், அது அறதப் பழசு. புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியைச் சுதன் எழுதுகிறான், நாங்கள் நன்றாகத்தான் சண்டை போடுகிறோம். பூங்கனி கடைக்காரர்களின் கேள்விகளை எழுத்து அறையில் போட்டது எவ்வளவு உபகாரம்! பேசுகிற கூட்டமாக மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை வாய் திறந்திருக்குமா?

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்திருக்கிறது. மோளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்லுகிறேன். இதைக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

ஆன்றோ

•

அய்யா துணை
தென்தாமரைக்குளம்
24 டிசம்பர் 2016

அன்புள்ள தம்பி ஆன்றோவுக்கு, உன் வீட்டார் எல்லோருக்கும் பண்டிகை வாழ்த்து.

நேற்றுக் கூட்டத்தில் நீயும் இருந்தாய், ஆகையால் நடந்ததை எழுத வேண்டியதில்லை. நீ பார்க்காததை மட்டும் எழுதுகிறேன்.

வழக்கம்போல் நான் எழுத்து அறையைத் திறந்து வருகைப் பட்டியலைத் தட்டிவிட்டுத்தான் ஜிட்சிக்குள் வந்தேன். புதிதாக ஒரு கட்டம். பின்னால் நீலச் சுவர், அதில் காகித நட்சத்திரம். ஒரு பெண்பிள்ளை ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு கட்டத்துக்குள் எட்டிப் பார்த்தது, ஒரு கை அதைப் பிடித்து இழுத்தது. பிறகு நீ வந்தாய். நான் நினைத்திருந்ததைவிட வெயில் உன்னை நன்றாகத் தின்றிருக்கிறது, மீசை நினைத்ததைவிடச் சின்னது. சுதன்தான், "ஏலே, ஆளு நிசமாவே இருக்கான்டே!" என்று கூவினான்.

நீ ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தாய். "என்ன எழுத்துடே இது? திருப்பிப் பிடி." "தலைகீழா இருக்கா?" "அறபியா?" ஆளுக்கொன்று சொன்னார்கள். பூங்கனி எழுத்து அறையில், "என்ன நடக்குது, அக்கா ஏன் எழுதல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுத நான் அங்கே இருந்தால்தானே! எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அலமாரியிலிருந்து பொட்டு வைக்கிற கைக்கண்ணாடியை எடுத்து வந்தேன். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் தோளுக்கு மேலே பிடித்து உன் தாளைப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் என் கொண்டையைத்தான் பார்த்திருப்பீர்கள். வாழைத்தோட்டத்திலிருந்து வந்த உங்க அத்தான் வாசலிலேயே நின்று, "நேரே இருக்கத வுட்டுட்டு முதுகுக்குப் பின்னால யாரட்டி பாக்க?" என்றார். அவரையும் இழுத்து வந்து கண்ணாடியைக் காட்டினேன்.

*வந்திருக்கேன் அக்கா.*

அவர் வாசித்தார். கையை மட்டும் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கூட்டம் முடியும் மட்டும் எழுந்திருக்கவில்லை. கணக்கு மென்பொருள் பேச்சில் அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கடைசியில் "அந்தப் பய நல்லாப் பேசுகான்" என்று மட்டும் சொன்னார்.

தாங்கலுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தேன். நான் கண்ணாடி முன்னால் நின்று கேட்டதெல்லாம் இவ்வளவு சட்டென்று கிடைத்ததில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் ஜின்சியையும் மோளையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினால் ஒரே மூச்சில் வந்துவிடலாம். பால் பொங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று பாக்கி. கூட்டம் முடிந்ததும் குறிப்பைச் சரிபார்த்த சுதன் விளித்தான். "அக்கா, பழக்கதோசத்துல இன்னைக்கும் 'ஆன்றோ (எழுத்தில்)'னு போட்டுட்டீங்க. முகத்தோட வந்தானே, அடிச்சுத் திருத்துங்க" என்றான்.

நான் திருத்தவில்லை. சொன்னது சொன்னபடி, நடந்தது நடந்தபடி என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே. வந்தவுடன் நீ வாயைத் திறந்தாயா? தாளைத்தானே தூக்கிக் காட்டினாய்.

அன்புடன்,
அக்கா